மலையிலிருந்து இறங்கும் பார்சல்

2024 மே 7ஆம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்கு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்துகொண்டது: வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. மலை தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. உத்தரவில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஏரிச்சாலையிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் சாக்லேட், தைலம், தேன், மலைப்பூண்டு என்று விற்றுப் பிழைப்பவர்களுக்கு அது இன்னொன்றையும் உணர்த்தியது. ஆள் மேலே வந்தால்தான் வியாபாரம் என்ற ஏற்பாட்டை இனி முழுதாக நம்பியிருக்க முடியாது. 2020 ஊரடங்கில் ஒருமுறை பட்டதுதான். அப்போது கடையைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார்கள். இப்போது கடை திறந்திருக்கும்போதே கூட்டத்துக்குக் கணக்கு வந்துவிட்டது.

ஆகவே சரக்கு கீழே இறங்க வேண்டும். அதற்கு வழி கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, இன்ஸ்டாகிராம் பக்கம், யுபிஐ கியூஆர் அட்டை: மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் தயார் செய்துவிடலாம். முதல் ஆர்டர்கள் சொந்தபந்தங்களிடமிருந்தும், போன சீசனில் வந்து விசிட்டிங் கார்டு வாங்கிப்போன பயணிகளிடமிருந்தும் வரும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். சாக்லேட் உருகிப் போய்ச் சேர்ந்தது, பூண்டு முளைத்துவிட்டது, தேன் உறைந்திருக்கிறது, காபிப் பொட்டலம் ஊதியிருக்கிறது என்று முதல் சீசனிலேயே குறைகள் வரிசைகட்டும். இவைதான் ஆரம்பப் பாடங்கள். இணையத்தில் விற்கத் தொடங்கும் எல்லோருக்கும் இவை கிடைக்கின்றன. சிலருக்கு அடுத்த ஆண்டு வியாபாரம் வளர்கிறது. பலருக்கு அது சொல்லிச் சிரிக்கும் கதையாக நின்றுபோகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பழனி மலைத்தொடரின் சரக்குகளை வைத்தே பார்க்க முயல்கிறேன்.

அனுபவம் தானாகவே ஆளைத் தேற்றிவிடும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. பிரிட்டனில் பார்க்லேஸ் வங்கியின் சிறுதொழில் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. தொழில் தொடங்குபவர்கள் உண்மையில் கற்றுக்கொள்கிறார்களா, அல்லது கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொள்கிறார்களா என்பதுதான் அதன் கேள்வி. நிலைத்தவர்கள் நிலைத்ததற்குக் கற்றல்தான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதிர்ஷ்டத்தின் பங்கை ஒதுக்கவும் முடியவில்லை. கேட்கக் கசப்பான முடிவுதான்.

இத்தாலியில் 116 புதுத் தொழில் முயற்சிகளை வைத்து நடந்த சோதனையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காமுஃபோ, கோர்தோவா, கம்பர்தெல்லா, ஸ்பினா ஆகியோர் நடத்திய அந்த ஆய்வு 2020இல் வெளியானது. முயற்சிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் ஒரே வணிகப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சொல்லித்தந்தார்கள்: உன் ஊகத்தை முதலில் எழுது, அதைப் பொய்யாக்கக்கூடிய சோதனையை வை, எந்த அளவுக்குக் கீழே போனால் கைவிடுவாய் என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவு செய். இந்தப் பிரிவினர் அதிக வருமானம் பார்த்தார்கள். வழியை மாற்றிக்கொண்டவர்களும் இவர்களிடையே அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது. அடி எல்லோருக்கும் விழுகிறது. அடி விழுவதற்கு முன்பே எதை எதிர்பார்த்தோம் என்று எழுதி வைத்தவருக்கு மட்டும் அது பாடமாகிறது. மற்றவர் மனம் பிறகு தனக்குச் சாதகமான காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கூரியர்காரன் சரியில்லை, வாங்கியவருக்கு விவரம் போதாது, மழை.

மழை என்றதும் பாதையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியது முதல் 1914 வாக்கில் மேஜர் லா போட்ட காட் ரோடு திறக்கும் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடைபாதையில் கூலியாட்கள்தான் எல்லாவற்றையும் சுமந்து ஏற்றினார்கள். பியானோ முதல் மாவு மூட்டை வரை ஏறியது, இறங்கியது குறைவு. கொடைக்கானல் ஏற்றும் ஊராகவே வளர்ந்தது. இறக்கும் ஊருக்கு வேண்டிய கிடங்கு, தரம்பிரிக்கும் கொட்டகை, பெட்டி செய்பவர், நாள் தவறாத சரக்கு வண்டி ஆகியவை இன்றும் அரைகுறைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி மேற்கே நகர்ந்தபோது மலைப்பாதைகளில் மரமும் மண்ணும் சரிந்து, மின்சாரம் நாட்கணக்கில் போனது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதே மாதங்களில்தான் தீபாவளியும் கிறிஸ்துமஸும், அதாவது இணையத்தில் ஆர்டர் குவியும் காலம். சமவெளியில் உட்கார்ந்து எழுதப்பட்ட வணிகப் பாடங்கள் எதிலும் இந்த மோதல் இருக்காது. மலையில் கடை நடத்துபவரின் நாட்காட்டி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடைக்கானலிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும் அதற்காக உழைத்தன. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்களில் ஆண்டுக்கு இருமுறை விளைகிறது. மே வாக்கில் ஒரு போகம், அக்டோபர், நவம்பர் வாக்கில் ஒரு போகம். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் நிறம். ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம். கந்தகச் சேர்மங்கள் அதிகம் என்பதால் காரமும் வாசனையும் தூக்கல். புகையில் வைத்தால் நெடுநாள் கெடாது. வீட்டுப் பரணில், அடுப்புப் புகை படும்படி தாளோடு கட்டித் தொங்கவிடுவது பழைய வழக்கம்.

விற்பனை பெரும்பாலும் வடுகபட்டிச் சந்தையில். தேனி மாவட்டத்து வடுகபட்டி பூண்டுக்கென்றே பெயர்போன ஊர். மூட்டை மண்டிக்குப் போகும், கமிஷன் கழியும், மீதி கைக்கு வரும். இன்றைய விலை என்ன என்பது இப்போது மேல்மலையில் எல்லோருக்கும் கைபேசியில் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று என்பது வேறு கேள்வி. ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரைக்குக் கைபேசி வந்தபோது, கடலில் இருந்தபடியே விலை கேட்டு எந்தத் துறையில் கரையேறுவது என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. படகைத் திருப்ப முடிந்ததால் அது நடந்தது. அடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்ட பூண்டு லாரியைத் திருப்ப முடியாது. மேலும், மண்டியில் கொட்டியபின் மலைப்பூண்டும் வடக்கிலிருந்து வரும் பூண்டும் பக்கத்துப் பக்கத்துக் குவியல்கள். விலையை அறிவதைவிட, தன் சரக்கு தன் சரக்குதான் என்று வாங்குபவரை நம்பவைப்பதே மேல்மலை விவசாயியின் நெடுநாள் தேவை. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதியது இதைத்தான்: தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, நாளடைவில் நல்ல சரக்கே சந்தையை விட்டுப் போய்விடும்.

நேரடியாக வீட்டுக்கு அனுப்பும் வியாபாரம் இந்த முடிச்சை அவிழ்க்கும் என்பதால்தான் படித்த பிள்ளைகள் சிலர் அப்பாவின் பூண்டைப் படமெடுத்துப் போடுகிறார்கள். முதல் பாடம் பெட்டியில் காத்திருக்கிறது. தனியார் கூரியர்கள் எடையைப் போலவே அளவையும் பார்ப்பவை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண் நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். கடையில் கிடைத்த 30, 20, 15 பெட்டியில் ஒரு கிலோ பூண்டை வைத்தால் கணக்கில் 1.8 கிலோ. 25, 18, 12 பெட்டியில் வைத்தால் 1.08. பெட்டியை மாற்றியதில் ஏறத்தாழ முக்கால் கிலோ கட்டணம் மிச்சம். லாபம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பதைப் பலர் ஐம்பது பார்சலுக்குப் பிறகு கூட்டிக் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது ஈரம். பறித்த கையோடு எடை போட்டு பாலிதீன் பையில் இறுகக் கட்டி அனுப்பினால் உள்ளே வியர்த்து, தாளில் கரும்பூசணம் படரும். வழியில் எடையும் குறையும். நிழலில் ஆறப்போட்டுக் காயவைத்து, காற்றோட்டமான வலைப்பையில் இட்டு அனுப்ப வேண்டும். இது எந்தப் பாட்டிக்கும் தெரிந்ததுதான். ஆனால் பாட்டிக்குத் தெரியாத ஒன்று வாங்குபவர் வீட்டில் நடக்கிறது: பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அந்தக் குளிர் பூண்டுக்கு முளைக்கச் சொல்லும் சைகை. மூன்றாம் வாரம் பச்சை முளையோடு புகைப்படம் வரும், பழைய பூண்டை அனுப்பிவிட்டீர்கள் என்று.

இங்கேதான் இருவகை விற்பவர்கள் பிரிகிறார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டு அரைக் கிலோ இலவசமாக அனுப்பி நல்ல பெயர் வாங்குகிறார்; அடுத்த வாரம் அதே புகார் இன்னொருவரிடமிருந்து வருகிறது. இன்னொருவர் ஒரு துண்டுச்சீட்டு அடிக்கிறார்: பறித்த மாதம், ஊர்ப் பெயர், பிரிட்ஜில் வைக்காதீர்கள், கூடையில் தொங்கவிடுங்கள். அச்சுச் செலவு பைசாக் கணக்கு. முதலாமவரும் கற்றுக்கொண்டார்தான், ஆனால் கற்றது அவர் தலைக்குள் இருக்கிறது. இரண்டாமவர் கற்றது அவர் ஊரில் இல்லாத நாளிலும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போகிறது.

குறையாகத் தெரியும் குணங்கள்

முளைத்த பூண்டு ஒரு தனி நிகழ்வாகத் தோன்றலாம். மற்ற மலைச் சரக்குகளையும் வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அசல் சரக்கின் குணமே தொலைவிலிருந்து வாங்குபவருக்குக் குறையாகத் தெரிகிறது. கடையில் நேரில் வாங்கும்போது கடைக்காரர் இரண்டு வார்த்தை பேசிச் சமாளிக்கும் விஷயம் இது. பார்சலில் பேச ஆள் இல்லை.

சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும்; வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். மே மாதத்தில் கொடைக்கானல் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும்போது வத்தலக்குண்டு 40ஐத் தொடுகிறது, மூடிய சரக்கு வண்டிக்குள் இன்னும் மேலே. உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். அது கொழுப்பு மறுபடி படிகமானதன் தடம், தின்றால் ஒன்றும் ஆகாது. வாங்கியவர் கண்ணுக்கு அது பூஞ்சை. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டிப்படுத்திய தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் வெயிலைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், விலையும் குறைவு. ஆக, தரமானதை அனுப்புபவருக்குப் புகார், மலிவானதை அனுப்புபவருக்கு ஐந்து நட்சத்திரம். முதல் சீசன் தரும் பாடத்தை அப்படியே நம்பினால் மலிவுக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். பலர் அப்படித்தான் மாறுகிறார்கள். கொடைக்கானல் சாக்லேட் என்ற பெயர் சில ஆண்டுகளில் எங்கும் கிடைக்கும் இனிப்புக் கட்டியாக இறங்கிவிட்டால் அதற்கு இந்தப் புத்திசாலித்தனமும் ஒரு காரணமாக இருக்கும்.

இத்தாலிய ஆய்வின் முறையை இதில் பொருத்திப் பார்க்கலாம். ஊகம்: மதுரைக்கு மார்ச் மாதம் வெள்ளிக்கிழமை மாலை தவிர எந்த நாள் அனுப்பினாலும் இரண்டு நாளில் உருகாமல் சேரும். சோதனை: தெரிந்தவர்களுக்குப் பத்துப் பார்சல், பிரித்தவுடன் படம் அனுப்பச் சொல்ல வேண்டும். வரம்பு: ஒன்பதுக்குக் குறைந்தால் மார்ச் முதல் ஜூன் வரை சமவெளிக்குச் சாக்லேட் கிடையாது. இந்த மூன்று வரியை எழுதிவைத்தவர் கோடையில் கடையை மூட மாட்டார். கோடைக்கு வேறு சரக்கைத் தேடுவார்.

காபி அந்த வேறு சரக்காக இருக்கலாம். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கீழ்ப்பழனி மலையில் மிளகு, ஆரஞ்சு, வாழையோடு சேர்த்து நிழல் மரங்களுக்குக் கீழே வளரும் காபிக்கு நீண்ட வரலாறு உண்டு. சின்னத் தோட்டக்காரர்கள் பழமாகவோ தோலோடு காய்ந்த கொட்டையாகவோ வியாபாரியிடம் கொடுத்துவிடுவதே வழக்கம். பார்சல் கணக்கில் பார்த்தால் காபிக்கு நிகர் இல்லை. எடைக்கு விலை அதிகம், உடையாது, உருகாது, எல்லாவற்றுக்கும் மேல் தீர்ந்ததும் வாடிக்கையாளர் மறுபடி வருவார். டில்லியில் 2013இல் வீட்டில் வறுத்து இணையத்தில் விற்கத் தொடங்கிய ப்ளூ டோக்காய் இன்று நாடெங்கும் கடை வைத்திருக்கிறது. பொட்டலத்தில் வறுத்த தேதியை அச்சிடும் பழக்கத்தை இங்கே பரப்பியவர்களில் அவர்களும் உண்டு. புதிதாக வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் காற்றுத்துளை இல்லாத உறை ஊதும். ஊதிய பாக்கெட் என்றால் கெட்டுப்போனது என்று நம் வீடுகளில் பாடம். காபியில் அது புதுமைக்கு அடையாளம். வறுத்த தேதி என்ற ஒரு வரி இந்தக் குழப்பத்தையே விற்பனைப் பேச்சாக மாற்றிவிடுகிறது.

காபியில் இன்னொரு முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். சிக்கரி கலந்த பில்டர் பொடி கேட்கும் மதுரைக் குடும்பமும், தோட்டத்தின் பெயரும் உயரமும் கேட்கும் பெங்களூர் இளைஞரும் ஒரே வாடிக்கையாளர் இல்லை. இருவரையும் ஒரே பக்கத்தில் பிடிக்க முயன்றால் இருவரும் நழுவுவார்கள். 1936இல் டி.பி. ரைட் விமானத் தொழிற்சாலைகளில் கண்ட விதி இங்கே நினைக்கத் தக்கது. மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விமானத்துக்கு ஆகும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த பலன் அது. மாதம் ஒரு புதுப் பொருளைப் பக்கத்தில் ஏற்றுபவரின் கை எதிலும் பழகுவதில்லை. அவருடைய நூறாவது பார்சலும் முதல் பார்சல் அளவுக்கே நேரம் தின்னும்.

தேனின் கதை கொஞ்சம் நீண்டது. பளியர் பழங்குடியினர் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஏறி எடுக்கும் மலைத்தேனில் ஈரம் அதிகம். சரியாக வடித்துப் பார்க்காமல் அடைத்தால் புளித்து மூடியைத் தள்ளும். குளிரில் சில தேன்கள் உறையும். உறைந்தால் சர்க்கரைப் பாகு என்று முடிவு கட்டிவிடுவார்கள். 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையிலிருந்த 13 நிறுவனத் தேன்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலப்படம் இருப்பதாக அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன. வாங்குபவரின் சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது, அசல் தேன் விற்பவர் மீதும் சேர்த்து.

கொடைக்கானலில் 2015இல் தொடங்கிய ஹூப்பூ ஆன் எ ஹில் என்ற சிறு நிறுவனம் பழங்குடியினர் எடுக்கும் காட்டுத்தேனை வாங்கி விற்பதில் ஆரம்பித்தது. தேனைப் பிழிந்தபின் மெழுகடை வீசியெறியப்படுவது கவனத்துக்கு வந்ததும் அதையும் வாங்கத் தொடங்கி, உணவு பொதியும் மெழுகுத்துணி, தைலம், சோப்பு என்று பொருட்கள் செய்தார்கள். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இது இந்த மலையில் நடந்த நல்ல மாற்றங்களில் ஒன்று. தேன் கனமானது, கண்ணாடிப் புட்டியில் போகும், உடைந்தால் பக்கத்துப் பார்சலையும் நாறடிக்கும். மெழுகுத்துணி மடித்தால் உறையில் போய்விடும். தேன்மெழுகு 62 டிகிரி வரை உருகாது, வத்தலக்குண்டு வெயிலுக்கு அசையாது. சேகரிப்பவருக்கும் முன்பு வராத ஒரு காசு வருகிறது. வீணாய்ப் போனதைப் பார்த்த கண் வேறு பலருக்கும் இருந்திருக்கும். அதைச் சரக்குப் பட்டியலையே மாற்றும் முடிவாக எடுத்துச்சென்றதில்தான் விஷயம்.

நீலகிரியில் இதே வழி இன்னும் நெடுந்தூரம் போயிருக்கிறது. கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் அறக்கட்டளை 1993 முதல் தேன் சேகரிப்பாளர்களோடு வேலை செய்து, 2010இல் லாஸ்ட் ஃபாரஸ்ட் என்ற விற்பனை நிறுவனத்தைத் தனியே நிறுத்தியது. 2013இல் பழங்குடியினரே பங்குதாரர்களான ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் உருவானது. எடுப்பவர், பதப்படுத்துபவர், விற்பவர் என்று வேலையைப் பிரித்துத் தரச் சோதனையைக் கிராமத்திலேயே வைத்துவிட்டுத்தான் இணையத்துக்குப் போனார்கள். பதினேழு ஆண்டு அடித்தளத்தின் மேல் ஏறிய கடை அது. மூன்று மாதத்தில் பலன் எதிர்பார்ப்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர் சொல்லாமல் சொல்வதும் பாடம்தான். முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். பஞ்சாங்கம் முதல் பலவும் அதில் இருந்தன. ஆட்கள் தேடி வந்தது வரன் பார்க்கும் பகுதிக்கு. மற்றதை விட்டு அதைப் பிடித்துக்கொண்டதில் பாரத்மேட்ரிமோனி பிறந்தது. 2017இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. பத்துப் பொருள் அடுக்கிய கொடைக்கானல் பக்கத்திலும் எந்த ஒன்றை மறுபடி மறுபடி கேட்கிறார்கள் என்பதற்கு விடை வாட்ஸ்அப் உரையாடல்களிலேயே கிடக்கும். அதை மாதம் ஒருமுறை எண்ணுபவர் மிகக் குறைவு.

சட்டமும் பெயரும்

சட்டப் பக்கம் பயந்த அளவுக்கு இல்லை. பச்சைப் பூண்டுக்கு ஜிஎஸ்டி இல்லை; தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி ஜிஎஸ்டி பதிவும் எடுக்க வேண்டியதில்லை. வறுத்த காபிக்கு 5 சதவீதம். சாக்லேட்டுக்கு 18ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5. பெரிய இணையச் சந்தைகள் வழியாக விற்றால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம் என்றிருந்த விதி, 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்குத் தளர்ந்தது. பதப்படுத்திய உணவு எதுவானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்தாலும் விலக்கில்லை. இவற்றை ஒரு முறை சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

பெயரைக் காப்பதுதான் முடியாத வேலை. பழனி பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றபோது, அந்தத் தகுதியை அடைந்த தமிழ்நாட்டின் முதல் கோயில் பிரசாதம் என்ற பெருமையும் சேர்ந்தது. அதன் உயிர் விருப்பாச்சி மலைவாழை, நீர்ப்பதம் குறைந்த பழம். தண்ணீர் சேர்க்காமல் வெல்லம், நெய், தேன், ஏலம், பேரீச்சையோடு பிசைவதால் பதப்படுத்தும் மருந்தின்றியே பயணத்தைத் தாங்கும். பார்சல் என்ற சொல் வருவதற்கு முன்பே இந்த மலையடிவாரம் தூரதேசப் பயணத்துக்கு ஒரு பண்டத்தைச் செய்து வைத்திருந்தது. அந்த வாழைக்கே 1970களில் முடிக்கொத்து நோய் வந்து தோப்புகள் அழிந்தன. மீட்பு இன்னும் முழுமையில்லை. விருப்பாச்சி வாழைக்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. கீழ்ப்பழனி மலையில் அந்த வாழை குறைந்தால் பஞ்சாமிர்தத்தின் பெயர் மட்டும் மிஞ்சும். இணையத்தில் எத்தனை டின் விற்கிறது என்பதைவிட மலையில் எத்தனை கன்று நடுகிறார்கள் என்பதைப் பார்ப்பதே சரியான கணக்கு.

மலைப்பூண்டுக்கும் இது பொருந்தும். குறியீடு கிடைத்த செய்தி வந்ததும் கொடைக்கானல் பூண்டு என்ற பெயரில் விற்கும் பக்கங்கள் இணையத்தில் பெருகின. அவற்றில் எது மேல்மலைப் பூண்டு, எது மண்டிக் குவியல் என்று வாங்குபவர் அறிய வழியில்லை. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் போலிக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. யார் போய் வழக்குப் போடுவது? சட்டம் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. பெயரைப் பயன்படுத்தும் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவர் தன் துண்டுச்சீட்டில் பதிவு எண்ணை அச்சிட்டால் வாங்குபவருக்குச் சரிபார்க்க ஓர் ஆதாரம் கிடைக்கும். அக்கர்லாஃபின் சந்தையில் நல்ல சரக்கு தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள இதைவிட மலிவான கருவி இல்லை.

மேல்மலையில் பூண்டு போடுபவர்களும் அவர்களுக்காகப் பக்கம் நடத்தும் பிள்ளைகளும் விளம்பரத்துக்குக் காசு கட்டுவதற்கு முன் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில்தான் இருக்கிறது; கிராமத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி விண்ணப்பங்களை நிரப்பித் தர அதனால் முடியும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பயனாளர் பதிவுக்கு முன்பு 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020 திருத்தத்துக்குப் பிறகு 10 ரூபாய்.